அணைந்திருக்கும் மாத்திரை

2005ஆம் ஆண்டின் கடைசி வாரங்களில் மின்னஞ்சல் முகவரி வைத்திருந்த பலருக்கும் ஒரு சிறிய காணொளி வந்து சேர்ந்திருக்கும். இரவு. ஒரு வீடு. கூரை விளிம்பிலும் சன்னல்களிலும் முன்புறப் புல்வெளியிலும் கிறிஸ்துமஸ் விளக்குகள். இசை தொடங்கியதும் அந்த வீடே வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு சுரத்துக்கு ஒரு சன்னல், மறு சுரத்துக்கு ஒரு குத்துச்செடி என்று விளக்குகள் எரிந்து அணைகின்றன. இசை ஓங்கும்போது வீடு முழுவதும் ஒளிர்கிறது, சட்டென்று இருள்கிறது, மீண்டும் ஒரு மூலையில் ஒரே ஒரு மரம். யூடியூப் அப்போதுதான் பிறந்திருந்தது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப, அவர் பத்துப் பேருக்கு அனுப்ப, அப்படித்தான் அந்தக் காணொளி உலகைச் சுற்றி வந்தது. பலர் அதைக் கணினியில் செய்த பொய் என்றே நம்பினார்கள்.

பொய்யன்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சின்சினாட்டி நகரை ஒட்டிய மேசன் என்னும் ஊரில் இருந்த வீடு அது. அமைத்தவர் கார்சன் வில்லியம்ஸ் என்னும் மின்பொறியாளர். 2004ஆம் ஆண்டுப் பண்டிகைக்கு அவர் பயன்படுத்தியவை 16,000 விளக்குகள். இசை, டிரான்ஸ்-சைபீரியன் ஆர்க்கெஸ்ட்ரா குழுவின் ‘விசார்ட்ஸ் இன் விண்டர்’. 2004இல் வெளிவந்த ‘தி லாஸ்ட் கிறிஸ்துமஸ் ஈவ்’ என்ற தொகுப்பில் உள்ளது. பாடல் வரிகள் இல்லாத, வாத்தியங்கள் மட்டுமே பேசும் ஓர் ஓட்டம். அதன்பின் அமெரிக்காவில் வீட்டு விளக்குகளை இசைக்கு ஆட்டிவைப்பது பெரும் பொழுதுபோக்காக வளர்ந்தது. ஏராளமானோர் முதலில் கையில் எடுத்ததும் இதே இசையைத்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு கலை. வேடிக்கை என்றும் ஆடம்பரம் என்றும் ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் இதைச் செய்பவர்களும் ரசிப்பவர்களும் இதை அளப்பதற்குத் தவறான கோலை எடுத்திருக்கிறார்கள் என்பதும் என் எண்ணம். எத்தனை விளக்கு என்று எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது, விளக்குகள் எப்போதெல்லாம் அணைந்திருக்கின்றன என்பதை.

இலக்கிய நண்பர்களிடம் இதைச் சொன்னால் உடனே வருகிற மறுப்பு மின்சார விரயம். கணக்குப் பார்த்துவிடலாம். அந்தக் காலத்துச் சிறு குமிழ் விளக்கு ஒன்று அரை வாட்டுக்கும் குறைவாகவே மின்சாரம் எடுக்கும். 16,000 விளக்குகளும் ஒருசேர எரிந்தால் ஏறக்குறைய 6,500 வாட். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஓடும் நாலு ஏசி. அதுவும் எல்லாம் ஒருசேர எரிவது ஒரு பாட்டில் சில நொடிகள்தாம். இன்றைய எல்இடி விளக்குகளுக்கு இதில் ஐந்தில் ஒரு பங்குகூட வேண்டாம். பணச் செலவு என்ற மறுப்பு இதைவிட வலுவானது. 2005இல் வில்லியம்ஸ் விளக்குகளின் எண்ணிக்கையை 25,000 ஆக்கினார். செலவு சுமார் 10,000 டாலர், உழைப்பு ஏறத்தாழ இரண்டு மாதம் என்று அப்போதைய செய்திகள் கூறின. எளியவரின் கலை என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் தன் வீட்டு முகப்பைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டு, நுழைவுச்சீட்டு வாங்காமல் யாரும் பார்க்கட்டும் என்று விடுகிற ஒருவரை ஆடம்பரக்காரர் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

இனி எண்ணிக்கை விஷயம். 16,000 விளக்குகளை வில்லியம்ஸ் ஒவ்வொன்றாக இயக்கவில்லை. அவற்றை 88 சேனல்களாகத் தொகுத்திருந்தார். சேனல் என்றால் இங்கே ஒரு சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளலாம்: இடப்பக்கக் கூரை விளிம்பு ஒன்று, வாசற்கதவின் வளைவு ஒன்று, மூன்றாவது சிறுமரம் ஒன்று. அவர் கையில் இருந்தவை 88 சுவிட்சுகள்தாம். பியானோவின் கட்டைகளும் 88 என்பது தற்செயல்தான். ஆனாலும் நினைத்துப் பார்க்க இனிமையான தற்செயல். ஒரு சுவிட்சின் கீழ் 100 விளக்கு இருந்தாலும் 1,000 விளக்கு இருந்தாலும் அமைப்பவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே. பியானோவை எடை போட்டு இசையை மதிப்பிடுபவர் உண்டா?

வேலை நடக்கிற விதம் இது. ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பொதுவாக 16 சேனல்கள். பெட்டிகளைக் கம்பியால் கோத்துக் கணினியோடு இணைக்கிறார்கள். கணினித் திரையில் பாட்டின் அலைவடிவம் மேலே கிடக்கும். அதன் கீழே கட்டம் போட்ட தாள் போன்ற ஒரு பரப்பு. ஒவ்வொரு வரிசையும் ஒரு சேனல். ஒவ்வொரு நெடுக்கும் காலத்தின் ஒரு துணுக்கு. இன்று ஆர்வலர்கள் பரவலாகப் பயன்படுத்தும் எக்ஸ்லைட்ஸ் என்னும் இலவச மென்பொருளில் ஒரு நொடியை 20 கூறாகவோ 40 கூறாகவோ பகுக்கலாம். 20 என்றே கொள்வோம். மூன்று நிமிடப் பாட்டுக்கு 3,600 துணுக்குகள். 88 சேனல்களோடு பெருக்கினால் 3,16,800 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எரிக, அணைக, மெல்ல எழுக, மெல்ல அடங்குக, மினுங்குக என்பவற்றுள் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிரப்புவதற்குக் குறுக்கு வழிகள் உண்டு. ஒரு பகுதியை நகலெடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டலாம். ஆனால் எங்கே ஒட்டுவது என்பதைக் காது சொல்ல வேண்டும். ஒரு நிமிட இசைக்குப் பல மணி நேரம் உட்கார்ந்து, அதே பத்து நொடியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, முரசின் அடி எங்கே விழுகிறது, அதன் ஒலி எங்கே தேய்கிறது என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். அந்தக் கட்டங்களில் பெரும்பாலானவை காலியாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும்.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் போகாது. எழுத்தின் ஒலியளவாகிய மாத்திரைக்கு அந்நூல் இரண்டு அளவைகள் தருகிறது: இயல்பாகக் கண் இமைக்கும் பொழுது, கை நொடிக்கும் பொழுது. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் ஒன்று என்னை உறுத்தும். கை நொடித்தால் ஓசை பிறக்கிறது. ஒலியை ஒலியால் அளப்பது இயல்பு. கண்ணிமைக்கு ஓசை ஏது? இமைக்கும் பொழுது என்பது பார்வை மறைகிற பொழுது. ஒலியின் அளவை ஒரு கணநேர இருளைக் கொண்டு குறித்திருக்கிறார்கள். உரையாசிரியர்கள் இப்படிப் பொருள் விரித்ததாக நான் சொல்ல வரவில்லை. இது என் வாசிப்பு. ஆனால் மேசன் நகர வீட்டின் காணொளியைப் பார்த்தபோது, இமை மூடித் திறப்பதைப் போல அந்த விளக்குகள் அணைந்து எரிந்த அளவில்தான் இசையின் அடி எனக்குத் தெளிவாகக் கேட்டது. தொடர்ந்து எரியும் விளக்குக்குத் தாளம் கிடையாது. அணைந்தால்தான் அதற்கு அசை பிறக்கிறது. நம் எழுத்திலும் அரை மாத்திரைக்கு ஒலிக்கும் ஒற்றும், தன் அளவில் குன்றி ஒலிக்கும் குற்றியலுகரமும் இல்லாவிட்டால் வெண்பாவின் நடை ஏது? குறுகும் எழுத்துகளே நெடிலை நெடிலாகக் காட்டுகின்றன. நல்ல விளக்கமைப்பாளர்கள் இலக்கணம் படித்தவர்கள் அல்லர். இருந்தும் அவர்கள் செய்வது யாப்பு வேலைதான்.

பழைய இழைவிளக்குக்கு ஒரு தனிக் குணம் இருந்தது. அதனுள் இருக்கும் மெல்லிய உலோக இழை சூடேறித்தான் ஒளிரும். மின்சாரத்தை நிறுத்தினாலும் சூடு தணியும்வரை ஒரு கணம் செம்மையாகக் கனன்று பிறகே அணையும். வீணையின் தந்தியை மீட்டிவிட்ட பின் நாதம் தேய்வது போன்ற ஒரு கார்வை அது. அமைப்பவர் கேட்காமலே கிடைத்தது. எல்இடிக்கு அந்தக் கார்வை இல்லை. மின்சாரம் வந்த கணம் முழு ஒளி. நின்ற கணம் முழு இருள். கத்தியால் வெட்டியது போலிருக்கும். அதனால் இன்று கவனமுள்ளவர்கள் ஒவ்வோர் அணைதலின் வாலிலும் ஒளி படிப்படியாகக் குறையுமாறு மென்பொருளில் எழுதிச் சேர்க்கிறார்கள். கவனமில்லாதவர்கள் சேர்ப்பதில்லை, அவர்களுடைய வீடு பாட்டுக்கு ஆடுவதில்லை, வெட்டுகிறது. கண்ணுக்கும் அது நோவு.

இந்தக் கலை கணினியோடு பிறந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது கிறிஸ்துமஸ் மின்விளக்கோடு கூடவே பிறந்தது. 1882 செப்டம்பரில் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், எடிசனின் கூட்டாளியும் அவர் நிறுவனத்தின் துணைத்தலைவருமான எட்வர்ட் ஜான்சன், தம் நியூயார்க் வீட்டில் ஒரு கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் என 80 குமிழ்விளக்குகளைக் கையாலேயே கம்பி கோத்து மாட்டினார். மின்விளக்கு ஏற்றிய முதல் கிறிஸ்துமஸ் மரம் அதுதான் என்பது வரலாறு. பலரும் அந்தத் தகவலோடு நின்றுவிடுகிறார்கள். அந்த மரம் சுழன்றது என்பதுதான் எனக்கு முக்கியம். மின்சாரத்தால் மரம் மெல்லச் சுற்ற, செப்புப் பட்டைகளின் மேல் தொடுமுனைகள் பட்டும் விலகியும் சென்றதால் ஒரு நிறம் அணைந்து மறு நிறம் எரிந்தது. நியூயார்க் இதழ்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டெட்ராய்ட் நகரத்து இதழ் ஒன்றின் நிருபர் பார்த்து எழுதியதால் நமக்குத் தெரிகிறது. முதல் நாளிலேயே ஜான்சனுக்கு எரிகிற விளக்கு போதவில்லை. எரிந்து அணைகிற விளக்கு வேண்டியிருந்தது.

செப்புப் பட்டையும் தொடுமுனையும் என்றதும் என் வயதுக்காரர்களுக்குக் கோயில் திருவிழா நினைவுக்கு வரும். சவுக்குக் கம்பங்களை நிறுத்தி, அவற்றின் மேல் சட்டத்தில் சீரியல் செட்டால் மயிலோ பிள்ளையாரோ வரைந்திருப்பார்கள். மயில் தோகை விரிக்கும், மடக்கும். சிறுவர்கள் நாங்கள் மயிலைப் பார்த்து முடித்தபின் அதன் பின்பக்கம் போய்விடுவோம். அங்கே ஒரு பெட்டிக்குள் சிறு மோட்டார் ஒரு மர உருளையைச் சுற்றிக்கொண்டிருக்கும். உருளையின் மேல் செப்புத் தகட்டை நீளமும் குட்டையுமாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். வரிசையாக நிற்கும் தகட்டு விரல்கள் அதன்மேல் உரசும்போது நீலப் பொறி பறக்கும். செப்பு இருக்கும் இடத்தில் விளக்கு எரியும்; மரம் தெரியும் இடத்தில் அணையும். மயிலின் தோகை முழுவதும் அந்த உருளையின் மேல் எழுதப்பட்டிருந்தது, நமக்குப் படிக்கத் தெரியாத ஓர் எழுத்தில். ஜான்சனின் மரமும் சீரியல் செட் உருளையும் எக்ஸ்லைட்ஸின் கட்டப் பரப்பும் ஒரே குடும்பம். எங்கே செப்பை ஒட்டாமல் விடுவது என்பதுதான் மூன்றிலும் கேள்வி.

ஒரு வேற்றுமை உண்டு. நம் மயில் யாருக்கும் செவிகொடுத்ததில்லை. பக்கத்துக் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் சீர்காழி பாடினாலும் டி.எம்.எஸ். பாடினாலும் உருளை தன் வேகத்தில் சுற்றும். விளக்கு ஒரு திசை, பாட்டு ஒரு திசை. அதில் குறை காண்பதற்கில்லை. மர உருளைக்குக் காது கிடையாது.

இனி அந்தப் பாட்டு எங்கிருந்து கேட்கிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க வீட்டுக் காட்சிகளில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். வில்லியம்ஸ் வீட்டின் முன் ஒலிபெருக்கி அலறவில்லை. ஒரு பலகை நின்றது. காரில் வருபவர்கள் தங்கள் வானொலியில் இன்ன எஃப்எம் அலைவரிசையைத் திருப்பிக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிறு ஒலிபரப்பி பாட்டை அனுப்புகிறது. மிகக் குறைந்த திறனுள்ள இத்தகைய எஃப்எம் ஒலிபரப்புக்கு அமெரிக்காவில் உரிமம் வேண்டியதில்லை. ஏறக்குறைய 200 அடி எட்டினால் அதிகம். கேட்க விரும்பியவர் கேட்கிறார். அடுத்த வீட்டில் தூங்குகிற குழந்தைக்கு அன்றைய இரவு வழக்கமான இரவே.

இதில் அயலார் மீதான பரிவு மட்டும் இல்லை, இயற்பியலும் இருக்கிறது. ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். வீட்டு முகப்பில் ஸ்பீக்கர் வைத்தால், 100 மீட்டர் தள்ளி நிற்கும் காருக்குப் பாட்டு கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதமாகவே வந்து சேரும். ஒளியோ அந்தக் கணமே வந்துவிடுகிறது. நொடியை இருபதாகப் பகுத்து மாதக்கணக்கில் கோத்த அமைப்பில் 0.3 நொடி என்பது ஆறு கட்டங்கள். அவ்வளவு உழைப்பும் சிதறிப்போகும். வானொலி அலை ஒளியின் வேகத்திலேயே செல்வதால் முதல் காரில் இருப்பவருக்கும் கடைசிக் காரில் இருப்பவருக்கும் அடியும் ஒளியும் ஒன்றாக விழுகின்றன. தெருவை அமைதியாக விட்டவருக்கே தாளம் சரியாக அமைகிறது. இப்படி அறமும் நுட்பமும் ஒரே பக்கம் நிற்கும் சந்தர்ப்பங்கள் வாழ்க்கையில் அதிகம் வாய்ப்பதில்லை.

நம் பக்கம் என்ன நிலைமை என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மேசன் நகர வீடு உலகப் புகழ் பெற்ற அதே 2005இல், சூலை 18 அன்று, இந்திய உச்ச நீதிமன்றம் ஒலி மாசு குறித்த விரிவான தீர்ப்பை வழங்கியது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது அதில் உறுதி செய்யப்பட்டது. பண்டிகைகளுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம் என்ற விதியும் இருக்கிறது. விதிகள் இருக்கின்றன. தேர்வுக் காலத்தில் திருவிழா வரும் ஊர்களில் இருக்கும் என் மாணவர்களைக் கேட்டால் விதிகள் எங்கே இருக்கின்றன என்று சொல்வார்கள். எந்த மதத்து விழாவுக்கும் இதில் விலக்கில்லை. பக்தியை டெசிபெல்லில் அளக்கும் பழக்கத்தில் நாம் எல்லோரும் ஒற்றுமையாகவே இருக்கிறோம். விளக்கை எண்ணிப் பெருமைப்படுவதும் ஒலியைக் கூட்டிப் பெருமைப்படுவதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் நாடக அரங்கின் இலக்கணம் சொல்லுமிடத்தில் எத்தனை விளக்கு என்று சொல்லவில்லை. தூண்களின் நிழல் ஆடுகளத்தில் விழாதபடி விளக்கை நிறுத்த வேண்டும் என்கிறார். எங்கே வைப்பது என்பது அவருக்குப் போதுமான கேள்வியாக இருந்திருக்கிறது.

அமெரிக்கர்கள் எல்லோரும் இந்த அடக்கத்தைக் கற்றவர்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக் நகரில் ஜென்னிங்ஸ் ஆஸ்போர்ன் என்னும் செல்வர் இருந்தார். 1986இல் மகள் ஆசைப்பட்டாள் என்று வீட்டுக்கு 1,000 விளக்குகள் மாட்டினார். அடுத்த ஆண்டு அதற்கு மேல். பிறகு அதற்கும் மேல். பக்கத்து மனைகளையும் வாங்கிக் காட்சியை அங்கும் விரித்தார். எண்ணிக்கை 30 இலட்சத்தைத் தாண்டியது. பார்க்க வரும் கார்களால் அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டுக்குள் போகவும் வரவும் முடியாமல் போயிற்று. 1993இல் அவர்களில் சிலர் வழக்குத் தொடர்ந்தார்கள். நீதிமன்றம் நாளையும் நேரத்தையும் கட்டுப்படுத்தியது. 1994இல் மாநில உச்ச நீதிமன்றமும் அயலார் பக்கமே நின்றது. 1995இல் அந்த விளக்குகள் புளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே 2006 முதல் அவையும் இசைக்கு ஆடத் தொடங்கின. ஆஸ்போர்ன் 2011இல் காலமானார். 2016 சனவரியோடு டிஸ்னியும் அதை நிறுத்திக்கொண்டது.

ஆஸ்போர்னின் தாராளத்தை நான் ஐயுறவில்லை. கொடுத்து மகிழ்ந்தவர் என்றே அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். ஆயினும் வீட்டு விளக்குக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவு தெருவின் அகலம். தெரு தாங்காத விளக்கை வீட்டு விளக்கு என்று எப்படிச் சொல்வது? கடைசியில் அது பொழுதுபோக்குப் பூங்காவில் போய்த் தங்கியது எனக்கு வியப்பாகவே இல்லை. வில்லியம்ஸ் நடந்துகொண்ட விதம் வேறு. 2005 டிசம்பரில் காணொளி பரவி ஊரே அவர் தெருவில் திரண்டபோது, அருகே ஒரு விபத்து நேர்ந்து, நெரிசலில் காவலர்கள் வந்துசேரச் சிரமப்பட்டார்கள். அவர் காட்சியைத் தாமாகவே நிறுத்திவிட்டார். புகழின் உச்சத்தில், பண்டிகைக்கு இன்னும் நாட்கள் இருக்கும்போதே. மூன்று இலட்சம் கட்டங்களில் எங்கே அணைப்பது என்று பழகிய கைக்கு அது கடினமாக இருந்திராது என்று நினைத்துக்கொள்கிறேன். இது என் கற்பனைதான்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். அயலார் வழக்கும் மின்கட்டணமும் இந்தக் கலையைச் சாகடிக்கப் போவதில்லை. கேட்கிற வேலையை விலைக்கு வாங்குவதுதான் சாகடிக்கும். கட்டங்களை நிரப்பி முடித்த கோப்புகள் இன்று ஆயத்த ஆடை போல விற்பனைக்குக் கிடைக்கின்றன. பாட்டைத் தேர்ந்தெடுத்துக் காசு கட்டினால் கோப்பு வந்துவிடும். உங்கள் வீட்டின் அளவுக்கு அதைப் பொருத்திக்கொண்டால் போதும். தாளத்தின் அடிகளைத் தானே கண்டுபிடித்துக் குறித்துத் தரும் வசதியும் மென்பொருளில் வந்துவிட்டது. விளக்குகளும் மாறிவிட்டன. ஒவ்வொரு குமிழும் தனித்தனியே எந்த நிறத்தையும் காட்டவல்ல பிக்சல் விளக்குகள் வந்தபின் 88 சுவிட்சுகள் பல்லாயிரமாகிவிட்டன. கூரையில் பனித்துளி விழுகிறது; சன்னலில் ஒரு முகம் வாயசைத்துப் பாடுகிறது. 2013 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதற்கென்றே 50,000 டாலர் பரிசுப் போட்டியும் நடத்தத் தொடங்கினார்கள். போட்டி வந்தால் நடுவர் வருவார். நடுவர் வந்தால் எண்ணிக்கையும் பின்னாலேயே வரும்.

ஆயத்தக் கோப்பை வாங்குபவர்களை நான் பழிக்கவில்லை. வேலை முடிந்து களைத்து வரும் ஒருவர் தம் குழந்தைகளுக்காக வாங்கிப் போட்டு மகிழட்டும். தொடங்குபவருக்கு அது நல்ல பாடப்புத்தகமும்கூட. பிறருடைய கோப்பைத் திறந்து, அவர் எந்த அடியை விட்டிருக்கிறார் என்று பார்த்தே பலர் கற்றுக்கொள்கிறார்கள். என் வருத்தம் வேறு. தானியங்கி எல்லா அடிகளையும் பிடித்துவிடுகிறது. எதை விடுவது என்று அதற்குத் தெரிவதில்லை. விளைவாக, பல வீடுகளில் மூன்று நிமிடமும் எல்லாம் எரிகின்றன, எல்லாம் மின்னுகின்றன. பார்க்கிற கண்ணுக்குப் பாட்டின் நடுவில் ஓர் இளைப்பாறல் இல்லை. எதுகைக்காக எல்லாச் சீரிலும் எதுகை வைத்த செய்யுளை மாணவன் எழுதிக் கொண்டுவந்தால் என்ன சொல்வோமோ அதையே இங்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. தம்பி, பாதியை அடித்துவிடு.

பிக்சல் விளக்குகள் நம் ஊருக்கும் வந்துவிட்டன. மர உருளை போய், நினைவட்டையில் கோலங்களை ஏற்றி வைத்த சிறு பெட்டி கம்பத்தின் அடியில் தொங்குகிறது. தாமரை விரிகிறது, மயில் வருகிறது, மேலிருந்து கீழாக நிறங்கள் வழிகின்றன. பெட்டிக்கு இப்போது கேட்க வைக்கும் வழியும் இருக்கிறது. ஆனாலும் நான் பார்த்தவரையில் அது பழைய மயிலைப் போலவே யாருக்கும் செவிகொடுக்காமல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரத்தில் மல்லாரி வாசிப்பார்கள். அதற்கும் சாகித்தியம் கிடையாது. நாகசுரமும் தவிலும் மட்டும் பேசும் கம்பீரநாட்டை. ‘விசார்ட்ஸ் இன் விண்டர்’ போலவே சொல்லில்லாத ஓட்டம். ஆனால் முன்கூட்டியே கோத்து வைத்த கோப்பு அதற்கு உதவாது. தவில்காரர் அன்றைக்கு எந்த நடையில் போவார், எங்கே தீர்மானம் வைப்பார் என்பது அவருக்கே அந்த நேரத்தில்தான் தெரியும். எனவே ஒருவர் விசைப்பலகையின் முன் உட்கார்ந்து, கேட்டபடியே கையால் விளக்கை வாசிக்க வேண்டியிருக்கும். தவில் பயிலும் பையன் ஒருவனுக்கு இருபது சுவிட்சுகளைக் கொடுத்துப் பார்க்க எந்தத் திருவிழாக் குழுவாவது முன்வருமா? குழாய் ஸ்பீக்கர் இல்லாமல்?

அமெரிக்க ஆர்வலர்களுக்கு ஓராண்டு என்பது நம் விவசாயிகளின் ஆண்டு போல. சனவரியில் குளிரில் விறைத்த கம்பிகளை இறக்கி, சிக்கல் எடுத்து, சுருட்டி, எந்தக் கம்பி எந்தச் சேனல் என்று துணுக்குத் தாளில் எழுதிக் கட்டிப் பெட்டியில் அடுக்குகிறார்கள். எரியாத விளக்குகளைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். வெயில் கொளுத்தும் சூலையில், பனியைப் பற்றி யாருக்கும் நினைவில்லாத ஒரு மாலையில், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அடுத்த டிசம்பருக்கான பாட்டின் முதல் பத்து நொடியை மறுபடி ஓடவிட்டுக் கேட்கத் தொடங்குகிறார்கள்.